விதிகள் சொன்ன பெண்

நான் வேலை பார்த்த கண்டி ஹோட்டலில் இப்போது அறைக்குள் போய் டிவியைப் போட்டால் முதலில் ஒரு பெண் வந்து பேசுவாள். கண்டிச் சேலை, பின்னால் ஒரு கொண்டை, சிரித்த முகம். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், ஜன்னலைத் திறந்து வைத்தால் குரங்கு வரும், விகாரைக்குப் போகும்போது தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். அவள் பெயர் யோகராணி. அவள் சொல்கிற ஒவ்வொரு வாக்கியமும் நான் வருடக்கணக்காக அடித்துத் திருத்திக் கோத்தது.

அந்தப் படத்தை எடுக்க ஆள் தேடியபோது ஓய்வில் இருந்த எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். ஆளுக்கொரு தடவை கேமராவுக்கு முன்னால் பேச விட்டார்கள். அவளை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு கேக் பெட்டியும், வீட்டுக்குப் போக வாகனமும் தந்தார்கள். கேக்கை வழியிலேயே டிரைவருக்குக் கொடுத்துவிட்டேன்.

அங்கே புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், "தனம் அக்கா, டிவி இல்லாத காலத்துல இதையெல்லாம் நீங்க எப்படிங்க சொன்னீங்க?" என்று கேட்டார்கள். அதற்குத்தான் இதை எழுதுகிறேன். யோகராணியை விட்டுவிட்டு என் வேலையைப் பற்றி மட்டும் எழுதலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

நான் கண்டியிலேயே, கட்டுக்கலையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா கடைவீதியில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்குப்பிள்ளை. பள்ளிக்கூடம் முடிந்ததும் டைப்பிங் படித்தேன், ஹோட்டலில் டெலிபோன் ஒபரேட்டராகச் சேர்ந்தேன். மூன்று மொழியிலும் தடுமாறாமல் பேசுவதைப் பார்த்து, கொழும்புக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் வரவேற்பு மேசையில் நிறுத்தினார்கள். என் படிப்புக் கதை அவ்வளவுதான். உண்மையான படிப்பு நௌஷாத் சேரிடம்.

நௌஷாத் சேர் எங்கள் மேனேஜர். அக்குறணைக்காரர். அவருடைய வாப்பாவுக்கு அங்கே துணிக்கடை இருந்தது. சேர் யாரையும் சத்தம் போட்டு ஏசி நான் பார்த்ததில்லை. பிழை செய்த ஆளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, மேசையில் இருக்கிற பூச்சாடியைக் கொஞ்சம் நகர்த்துவார். பிறகு அதைப் பழைய இடத்திலேயே வைப்பார். "இப்ப அந்த கெஸ்ட் மனசுல என்ன இரிக்கும்?" என்று பூவைப் பார்த்துக் கேட்பார். நமக்குக் காது சுட்டுவிடும். பதிலை எதிர்பார்க்காமல் போய்விடுவார்.

வெளிநாட்டுக் குழுக்கள் வந்து இறங்கியதும் ஊர் வழக்கங்களைச் சொல்லிக்கொடுக்கிற வேலையை என்னிடம் தந்தவர் அவர்தான். முதல் நாள் நான் பேசியதைத் தூணுக்குப் பக்கத்தில் நின்று கேட்டார். நான் 'செய்யக்கூடாது' என்று தொடங்கி 'செய்யக்கூடாது' என்றே முடித்திருந்தேன். வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

"எங்கட வாப்பாட கடையில வாறவங்களுக்கு முதல்ல கதிரை, பிறகு தண்ணி, அதுக்குப் பிறகுதான் துணி," என்றார் சேர். "முதல்ல தாகம் தனம். தடையெல்லாம் பிறகு."

அதை வைத்துத்தான் என் முறையை உண்டாக்கினேன். பஸ் வந்து நின்றதும் குளிர்ந்த ஈரத் துவாலை. பிறகு செவ்விளநீர். அவர்கள் முகம் துடைத்துக் குடித்து முடிக்கும் வரை ஒரு வார்த்தை பேசமாட்டேன். பிறகு தண்ணீரில் தொடங்குவேன். கையில் பானம் இருப்பதால் தண்ணீர்ப் பேச்சு காதில் ஏறும். மூடி உடையாத போத்தல் தண்ணீர், தெருவில் ஐஸ் வேண்டாம், பழமென்றால் தோல் உரிக்கிற பழம். அங்கிருந்து சாப்பாட்டுக்கு: வலது கையால் சாப்பிடுங்கள், யாருக்காவது ஒன்றைக் கொடுத்தாலும் வலது கையால் கொடுங்கள். அங்கிருந்து தலையாட்டலுக்கு. நம் ஆட்கள் சம்மதத்துக்குத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவதை அவர்கள் மறுப்பென்று எடுத்துக்கொள்வார்கள். நான் ஆட்டிக் காட்டுவேன், அவர்களும் ஆட்டிப் பார்ப்பார்கள், சிரிப்பு வரும். சிரித்த பிறகுதான் புத்தரின் பல் இருக்கிற தலதா மாளிகை. வெளிர் நிற உடுப்பு, செருப்பு வெளியே, வெயில் நேரத்தில் கல் சுடும் என்பதால் காலுறை போடலாம், புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக்கூடாது, பெண்கள் பிக்குமாரைத் தொடவோ கையில் எதையும் நேரே கொடுக்கவோ கூடாது.

கடைசியாக ஏரிக்கரை. கண்டிக்கு வருகிற எந்த வெள்ளைக்காரரும் ஏரியைச் சுற்றி நடக்காமல் போவதில்லை. அங்கே ஒரு ஆள் சிரித்துக்கொண்டு வருவான். "என்னைத் தெரியவில்லையா? நான் உங்கள் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறேன், இன்றைக்கு லீவு," என்பான். வெட்கப்பட்டு இவர்களும் தெரிந்த மாதிரிக் கை கொடுப்பார்கள். பிறகு மாணிக்கக்கல் கடைதான். "எங்கள் சமையல்காரருக்கு லீவு கிடைத்தால் அவர் தூங்குவார், ஏரியில் நடக்கமாட்டார்," என்று முடிப்பேன். கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடிக்கும். அது எனக்கே எனக்கு என்று நினைத்திருந்தேன்.

யோகராணி வந்தது அப்போதுதான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. புருஷனுக்குக் கண்டிக்கு மாற்றலாகி, கூட வந்தவள். என்னை விட இரண்டு மூன்று வயது இளையவள். அவளுக்குச் சிங்களம் அரைகுறை. கண்டிச் சேலையில் இடுப்பு மடிப்பை ஒழுங்காக வைக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அவளுக்கு முதல் நாளே, பிறந்ததிலிருந்து உடுத்தியவளைப் போல் அமைந்துவிட்டது. என் பெயர் தனலெட்சுமி என்றால் வெளிநாட்டுக்காரர் நாக்கில் நிற்காது. அவள், "ராணி என்று கூப்பிடுங்கள், குயீன் என்று அர்த்தம்," என்பாள். அன்று மாலைக்குள் குழு முழுவதும் ராணி, ராணி என்று கூப்பிடும்.

என் பேச்சை இரண்டு தடவை கேட்டுவிட்டு அவளும் பேசத் தொடங்கினாள். நான் நின்று பேசுவேன். அவள் ஒரு கதிரையை இழுத்து அவர்களுக்கு நடுவில் போட்டு உட்காருவாள். பாதியை விட்டுவிடுவாள். காலுறையைச் சொல்லமாட்டாள், ஐஸைச் சொல்லமாட்டாள். "நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள்?" என்று ஒவ்வொருவராகக் கேட்பாள். ஒருவர் பறவை பார்க்க என்பார், ஒருவர் டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார் என்பார். அதைக் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

நான் சேரிடம் போனேன். "சேர், யோகா முக்கியமான விஷயமெல்லாம் விட்டுடுறாங்க. யாருக்காவது வயித்தால போனா நம்ம பேருதான் கெடும்."

சேர் பூச்சாடியைத் தொடவில்லை. "அவங்க கூட்டத்துல யாருக்காவது வயித்தால போனதா?"

"இன்னும் இல்லீங்க."

"போனா சொல்லுங்க," என்றார்.

போகவில்லை. போக வேண்டும் என்று நான் காத்திருந்தது எனக்கு மட்டும் தெரியும். புறப்படும் நாளில் குழுக்கள் மேசைக்கு வந்து, "ராணி எங்கே? அவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்," என்று நிற்பார்கள். அறைக் கணக்கு முடித்துக் கொடுத்ததும், விமான நிலையத்துக்கு வாகனம் சொன்னதும், மழை என்று குடை தந்ததும் நானாக இருக்கும். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள்.

இனி இங்க்ரிட் வந்த கதை.

ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு குழுவில் அவர் ஒருவர். அறுபது வயது இருக்கும். நர்ஸாக இருந்தவராம். நல்ல வெயிலிலும் நீளக் கை வைத்த கம்பளிச் சட்டை போட்டிருந்தார். அந்தக் குழுவுக்கு நான்தான் பேசினேன். உடம்பில் புத்தர் படம் பச்சை குத்தியிருந்தால் இந்த நாட்டில் அது வெளியே தெரியக்கூடாது, மக்கள் மனம் நோகும், பொலிஸுக்குப் போனால் திருப்பி அனுப்பவும் கூடும் என்று வழக்கம்போலச் சொன்னேன். இங்க்ரிட் கேட்டுக்கொண்டிருந்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் எங்கள் ஹோட்டலில் ஒரு கல்யாண வீட்டார் தங்கியிருந்தார்கள். முதல் நாள் கல்யாணம் முடிந்து, உறவுக்காரர் எல்லாம் காலைச் சாப்பாட்டில் இருந்தார்கள். அந்த நேரம் பெண்ணின் மாமா, கலகெதரயிலிருந்து வந்த ரத்நாயக்க என்கிற பெரியவர், என் மேசைக்கு வந்தார். போனை என் முன் வைத்தார். படத்தில் இங்க்ரிட். வெளி விறாந்தையில் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, கையில்லாத உள்சட்டையோடு டீ குடிக்கிறார். தோளுக்குக் கீழே, கை முழுவதும் புத்தர் முகம்.

"நாங்கள் கும்பிடுகிற முகம்," என்றார் சிங்களத்தில். சத்தம் உயரவில்லை. "அதை இந்த மனுஷி கக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முட்டை சாப்பிடுகிறாள். நீங்கள் பொலிஸைக் கூப்பிடுகிறீர்களா, நான் கூப்பிடட்டுமா?"

சேர் உள்ளே இருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டார். பெரியவரைத் தன் அறையில் உட்கார வைத்தார். வெளியே வந்து எங்கள் இருவரையும் பார்த்தார்.

"தனம், சிங்களம் உங்களுக்குத்தான் ஓடும். மாத்தயாவோட நீங்க இரிங்க. யோகா, நீங்க அந்த அம்மாவ ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க. தனியா விட வேணாம்."

சரியான முடிவுதான். அவளை அந்த மனுஷரிடம் அனுப்பியிருந்தால் மொழி தெரியாமல் தவித்திருப்பாள். ஆனால் இங்க்ரிடின் தோளில் கை போட்டு அவள் மாடிப்படி ஏறியதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அந்த அம்மாவுக்கு விதியைச் சொன்னவள் நான். அவர் என் குழு.

மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. ரத்நாயக்க மாத்தயாவுக்கு டீ கொண்டுவந்தேன். சாய்வாக உட்காராமல், கைகளை மடியில் வைத்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். சமாதானம் சொல்லவில்லை. கோபமாக இருப்பவரிடம் 'கோபப்படாதீங்க' என்றால் இரண்டு மடங்காகும் என்று இந்த மேசை எனக்குப் படிப்பித்திருந்தது. "நீங்கள் சொல்வது சரி மாத்தயா. யாருக்கும் நோகும். எனக்கும் என் சாமி முகத்தை அப்படிப் பார்த்தால் நோகும்," என்றேன். அவர் டீயைத் தொடவில்லை. தன் ஊர் விகாரையைப் பற்றிச் சொன்னார். சின்ன வயதில் அம்மா தோளில் தூக்கிப்போய்ப் பூ வைத்ததைச் சொன்னார். கேட்டேன். பிறகு, "அந்த அம்மா ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டு வருகிறேன். அதுவரை போனை எடுக்காமல் இருப்பீர்களா?" என்றேன். தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

மாடிக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. கட்டில் ஓரத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். இங்க்ரிட் யோகராணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி பேசினார். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார். கம்பளிச் சட்டையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். பொலிஸைக் கண்டவர் போல.

யோகராணி எழுந்து வந்து தமிழில் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, அவாவுக்கு ஒரே மகன். மோட்டார் சைக்கிள் அடிபட்டுச் செத்துப் போனான். அவன் புத்த சமயத்தில சரியான ஈடுபாடு. இந்தப் படம் அவன்ர கையில இருந்தது. செத்தவீடு முடிய அவா போய் அதே மாதிரித் தன்ர கையிலயும் குத்திப்போட்டா. மகன் வர ஆசைப்பட்ட இடமாம் இது. அவனுக்காக ஒரு பூ வைக்கத்தான் வந்தவா."

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலியே."

"வெய்யிலில தலை சுத்தினபடியால்தான் சட்டையைக் கழட்டினவாவாம். நீங்கள் சொன்னது ஞாபகம் இருந்ததாம். பயந்துகொண்டுதான் இருந்தவா."

கீழே இறங்கும்போது என் மனதில் இருந்தது அந்தச் செத்துப்போன பையன் இல்லை. உண்மையைத்தான் எழுத வேண்டும். இத்தனை வருடம் இத்தனை பேரிடம் பேசிய எனக்கு ஒரு ஆளும் இப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு எதையும் சொன்னதில்லை என்பதுதான் இருந்தது. இவளிடம் ஒரு கோப்பை டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டார்.

ஆனால் வேலை என்று வந்தால் நான் வேலைக்காரி. ரத்நாயக்க மாத்தயா முன் உட்கார்ந்து, யோகராணி தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் சொன்னேன். அவசரப்படவில்லை. அந்த அம்மாவுக்கு ஒரே பிள்ளை என்பதை முதலில் சொன்னேன். படத்தைக் கடைசியில் சொன்னேன்.

"எத்தனை வயதுப் பிள்ளை?" என்று கேட்டார் அவர்.

தெரியாது என்றேன்.

போனை எடுத்து, என் கண் முன்னாலேயே படத்தை அழித்தார். ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார். "அது பிழைதான். பிழை இல்லை என்று நான் சொல்லமாட்டேன்," என்றார். பிறகு எழுந்து போய்த் தன் மனைவியோடு திரும்பி வந்தார். அந்த நோனா கையில் நீளக் கை வைத்த வெள்ளைச் சட்டை ஒன்று இருந்தது, சேலைக்குப் போடுவது. "எங்கள் பொண்ணும் மாப்பிள்ளையும் இன்றைக்குப் பின்னேரம் மாளிகைக்குப் பூ வைக்கப் போகிறார்கள். நாங்களும் போகிறோம். அந்த அம்மாவை இதைப் போட்டுக்கொண்டு எங்களோடு வரச் சொல்லுங்கள்," என்றார் நோனா. "தனியாகப் போய் அங்கே யாரும் ஏதும் சொன்னால் பாவம்."

நான் கைகூப்பினேன். என் வேலை வாழ்க்கையில் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை நான் சாதித்ததில்லை.

பின்னேரம் ஹோட்டல் வாசலில் கல்யாண வீட்டார் வெள்ளை உடுத்து நின்றார்கள். ஹோட்டலிலிருந்தும் கூட ஒரு ஆள் போக வேண்டும். நான் தலை வாரி, முகம் கழுவி, வெள்ளைச் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றேன். இங்க்ரிட் அந்த வெள்ளைச் சட்டையில், யோகராணியின் கையை விடாமல் படி இறங்கி வந்தார்.

சேர் என்னைப் பார்த்தார். என் சேலையையும் பார்த்தார். "தனம், நீங்க இரிங்க. அடுத்த குரூப் வந்துட்டிரிக்கு. யோகா போகட்டும்."

அவர்கள் வேன் ஏறிப் போனார்கள். நான் வெள்ளைச் சேலையோடு மேசையில் நின்றேன். அடுத்த பஸ் வந்தது. துவாலை, செவ்விளநீர், தண்ணீர், சாப்பாடு, தலையாட்டல். ஏரிக்கரை ஆளிடம் வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அது ஒன்றும் காதில் விழவில்லை. மாளிகையில் இப்போது மேளம் தொடங்கியிருக்கும், யோகராணி அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சேர் பிறகு நடைபாதையில் என்னைக் கடந்து போகும்போது நின்றார். "இண்டைக்கு யாரு காப்பாத்தினது என்று எனக்குத் தெரியும் தனம்," என்றார். மற்றவர்கள் இருக்கும்போது சொல்லியிருந்தால் எனக்குப் போதுமாக இருந்திருக்கும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவர் யோகராணி, தனம் இருவரும் நன்றாகச் சமாளித்தார்கள் என்று மட்டும் சொன்னார். அவள் பெயர்தான் முன்னால் வந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன், கொரோனாவும் பெட்ரோல் வரிசையும் ஓய்ந்து, ஆட்கள் மறுபடி வரத் தொடங்கியிருந்த சமயம், இங்க்ரிட் திரும்பவும் வந்தார். இந்த முறை தனியாக, கைத்தடியோடு. மேசைக்கு வந்து, "ராணி இருக்கிறாரா?" என்றார்.

யோகராணி அக்காவின் மகளுடைய கல்யாணத்துக்கு யாழ்ப்பாணம் போயிருந்தாள். லீவு என்றேன். அவர் முகம் வாடியது. "மாளிகைக்கு நான் கூட்டிப் போகிறேன்," என்றேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு எனக்கு அந்த இடம் கிடைத்தது.

வாசல் கடையில் தாமரை வாங்கினோம். படியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மெல்ல ஏறினோம். "இந்த ஹோட்டலில் நீங்கள் நிறைய நாளாக இருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"நிறைய நாள்," என்றேன்.

"அப்படியென்றால் என் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்," என்று சொல்லத் தொடங்கினார். மகனை, பச்சையை, விறாந்தையை எல்லாம் சொன்னார். "ஒரு பெரியவர் மிகவும் கோபமாக வந்தார். ராணிதான் அவரிடம் போய்ப் பேசினார். என்ன சொன்னாரோ, அந்த மனிதர் மனம் மாறிவிட்டார். ராணி இல்லையென்றால் என்னைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்." பிறகு யோசித்துவிட்டு, "இன்னொரு பெண்ணும் இருந்தார். நிறைய விதிகள் சொன்னார். அவர் பெயர் நினைவில்லை," என்றார்.

நான் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள்.

"அந்தப் பெண் நான்தான்," என்றேன். "அந்தப் பெரியவரிடம் பேசியதும் நான்தான். ராணிக்கு அப்போது சிங்களம் சரியாக வராது."

அவர் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். கண்ணாடியைச் சரி செய்து மறுபடி பார்த்தார். "அப்படியா," என்றார் மரியாதையாக. நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. உள்ளே போய்ப் பூவை வைத்தார். கண்ணை மூடி நின்றார். நான் அவருடைய கைத்தடியை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வெளியே வந்ததும், "ராணியோடு ஒரு நிமிடம் பேச முடியுமா?" என்றார்.

என் போனில் அழைத்துக் கொடுத்தேன். அவர் சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். இடையில் என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டார். அந்தப் பக்கம் யோகராணி நீளமாகப் பேசுவது கேட்டது. கல்யாண வீட்டுச் சத்தமும் கேட்டது. இங்க்ரிட் போனை என்னிடம் தந்தபோது அவர் பார்வை மாறியிருந்தது. என் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"அக்கா," என்றாள் யோகராணி. "அந்த மனுசனோட கதைச்சது நீங்கள்தான் எண்டு நான் அவாவுக்கு அண்டைக்கே சொன்னனான். மாளிகைக்குப் போற வழியில, வேனுக்குள்ளயே சொன்னனான். அவா மறந்துபோனா. இப்பவும் திரும்பச் சொல்லிப்போட்டன்."

அவள் குரலில் ஒரு பொய்யும் இல்லை. எனக்குத் தெரியும், அவள் சொல்லியிருப்பாள்.

"சரி யோகா. நீங்க கல்யாண வேலையப் பாருங்க," என்று போனை வைத்தேன்.

அவள் மேல் குறை சொல்ல ஒன்று கிடைக்கும் என்று அத்தனை வருடம் காத்திருந்தேன். அன்றைக்காவது கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை.